வாட்சனுக்குப் பின் வாட்சன்

1956ஆம் ஆண்டு மே மாதம், ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை 82 வயதுத் தந்தை ஒருவர் தம் 42 வயது மகனிடம் ஒப்படைத்தார். தந்தை அந்நிறுவனத்தை நடத்திய காலமும் சரியாக 42 ஆண்டுகள்தான். அவர் அங்கே பணியில் சேர்ந்த 1914ஆம் ஆண்டிலேயே மகனும் பிறந்தார். ஒப்படைத்த ஆறாவது வாரத்தில், ஜூன் 19 அன்று, தந்தை காலமானார். இருவருக்கும் ஒரே பெயர், தாமஸ் வாட்சன். மூத்தவர் அமெரிக்கத் தொழிலுலகம் கொண்டாடிய தலைவர். இளையவரோ கல்லூரிப் படிப்பையே தட்டுத் தடுமாறி முடித்தவர் என்று அறியப்பட்டவர். அதன்பின் பதினைந்தே ஆண்டுகளில் நிறுவனத்தின் ஆண்டு வருவாய் சுமார் 90 கோடி டாலரிலிருந்து 800 கோடி டாலரைத் தாண்டியது. எண்ணிக்கையைவிட வியப்பானது வேறொன்று. தந்தையின் செல்வத்துக்கு ஊற்றாக இருந்த பொருளையே மகன் தம் கையால் ஒழித்துக்கட்டினார். ஒழித்த பிறகும் நிறுவனம் நிலைத்தது.

தொழில் பொருளாதாரத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கற்பித்தவன் நான். எங்கள் பாடநூல்களில் ஒரு நிறுவனம் என்பது மூலதனமும் உழைப்பும் உள்ளே போய்ப் பொருள் வெளியே வரும் ஒரு பெட்டி. அதன் நாற்காலியில் இருப்பவர் யார், அவருக்கு முன் இருந்தவர் யார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. ஆனால், பெருமைமிக்க ஒரு தலைவருக்குப் பின் வருபவர் எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்னும் முடிவில்தான் பல நிறுவனங்களின் விதி அடங்கியிருக்கிறது. ஆலமரத்தடியில் வேறு மரம் வளராது என்று நாம் சொல்வதுண்டு. இளைய வாட்சன் வளர்ந்தது அப்படியோர் ஆலமரத்தடியில்தான்.

அந்த மரத்தை முதலில் பார்த்துவிடுவோம். மூத்த வாட்சன் 1874இல் நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். குதிரை வண்டியில் பியானோக்களையும் தையல் இயந்திரங்களையும் ஏற்றிச்சென்று விற்றவர். பின்னர் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில், கல்லாப்பெட்டி இயந்திரம் தயாரித்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் ஜான் பேட்டர்சன் என்னும் முரட்டு முதலாளியிடம் விற்பனைக் கலையைக் கற்றார். போட்டியாளர்களை முறைகேடாக ஒழித்ததாக அந்நிறுவனத்தின்மீது ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. 1913இல் பேட்டர்சனுடன் வாட்சனும் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 1915இல் அத்தீர்ப்பு நீக்கப்பட்டதால் அவர் சிறை செல்லவில்லை. ஆனால், அந்தப் பழி அவர் மனத்திலிருந்து நீங்கவே இல்லை. நாற்பதாண்டு கழித்துத் தந்தைக்கும் மகனுக்கும் நடந்த மிகக் கடுமையான சண்டைக்கு விதை அங்கேதான் விழுந்தது.

1914இல் அவர் சேர்ந்த நிறுவனம் தராசும், நேரப் பதிவுக் கடிகாரமும், இறைச்சி நறுக்கும் கருவியும், கூடவே துளையட்டைக் கணக்கு இயந்திரமும் செய்துகொண்டிருந்த ஒரு கதம்பம். துளையட்டை இயந்திரத்தை ஹெர்மன் ஹாலரித் 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக உருவாக்கியிருந்தார். மற்றவற்றைவிட இதில்தான் எதிர்காலம் உள்ளது என்று கண்டுகொண்டது மூத்த வாட்சனின் மேதைமை. இயந்திரத்தை விற்காமல் வாடகைக்கு விட்டார். அட்டையை மட்டும் விற்றார். வாடகை மாதந்தோறும் வந்துகொண்டே இருந்தது. மொத்த வருவாயில் சிறு பங்கே வகித்த அட்டை, லாபத்தில் பெரும்பங்கைத் தந்தது. பெருமந்தக் காலத்திலும் ஆலைகளை மூடாமல் இயந்திரங்களைச் செய்து கிடங்கில் அடுக்கிவைத்தார். 1935இல் அமெரிக்க அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து கோடிக்கணக்கான தொழிலாளர்களின் கணக்கைப் பராமரிக்க வேண்டிவந்தபோது, கேட்ட மாத்திரத்தில் இயந்திரங்களைக் கொடுக்க முடிந்தவர் அவர் ஒருவரே.

நிறுவனத்தை அவர் ஒரு குடும்பமாகவும் ஒரு மதமாகவும் நடத்தினார். ஊழியர்கள் கஞ்சியிட்ட விறைப்பான கழுத்துப்பட்டையுடன் வரவேண்டும், மது கூடாது, தலைவரைப் புகழும் பாடல்களைக் கூட்டங்களில் பாட வேண்டும். சிந்தி என்று பொருள்படும் ஒற்றைச் சொல் எல்லாச் சுவர்களிலும் தொங்கியது. சிந்தித்து முடிவெடுத்தவர் மட்டும் ஒருவரே. முப்பது, நாற்பது அதிகாரிகள் நேரடியாக அவருக்குக் கீழே இருந்தனர். நிறுவன அமைப்பு வரைபடம் என்று ஒன்று இல்லவே இல்லை.

இத்தகைய வீட்டில் மூத்த மகனாகப் பிறந்த டாம், நியூஜெர்சியின் ஷார்ட் ஹில்ஸ் ஊரில் அனைவரும் அஞ்சிய குறும்புக்காரச் சிறுவன். ஆஸ்துமா நோய் ஒருபுறம். எழுத்துகளைப் படிப்பதில் இருந்த தடுமாற்றம் மறுபுறம். பதின்மூன்று வயதுக்குப் பின் ஆண்டுகள் சில அவரைக் கடும் மனச்சோர்வு வாட்டியது. ஒருநாள் தந்தையின் நிறுவனத்துக்குத் தலைமையேற்க நேரும் என்ற நினைப்பே அந்தச் சிறுவனை அழவைத்ததாகப் பின்னாளில் தம் சுயசரிதையில் அவர் பதிவுசெய்திருக்கிறார். பிரவுன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றது எப்படி என்பது அவருக்கே புதிர். அந்நாள்களில் அவருக்குக் கைவந்த ஒரே வித்தை விமானம் ஓட்டுவது.

1937இல் ஐ.பி.எம்.மில் விற்பனையாளராகச் சேர்ந்தார். அங்கே நேர்ந்த ஓர் அவமானத்தை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. 1940ஆம் ஆண்டின் முதல் வேலைநாளிலேயே ஒரு பெரும் உருக்கு நிறுவனத்தின் கணக்கு அவர் பகுதியில் சேர்க்கப்பட்டது. ஓராண்டு விற்பனை இலக்கு ஒரே நாளில் நிறைவேறிவிட்டது. தலைவரின் மகனை மகிழ்விக்க அதிகாரிகள் செய்த ஏற்பாடு அது என்பது ஊரறிந்த ரகசியம். இலக்கை எட்ட ஆண்டு முழுதும் அலைந்த சக விற்பனையாளர்கள் முகத்தில் அவரால் விழிக்க முடியவில்லை.

அவரை மீட்டது போர். அமெரிக்க ராணுவ விமானப் படையில் சேர்ந்து, தளபதி ஃபாலட் பிராட்லியின் உதவியாளராகவும் விமானியாகவும் பணியாற்றினார். அலாஸ்கா, சைபீரியா வழியாகச் சோவியத் நாட்டுக்கு விமானங்களை அனுப்பும் வழியை ஏற்படுத்த 1942இல் மாஸ்கோ சென்ற குழுவில் இருவரும் இருந்தனர். போருக்குப் பின் பயணிகள் விமானம் ஓட்டப்போவதாக ஒருநாள் வாட்சன் சொன்னபோது தளபதி வியந்துபோனார். ஐ.பி.எம்.மை நடத்தவே இவர் திரும்பிச் செல்வார் என்று அவர் நினைத்திருந்தார். அந்தப் பெரும் நிறுவனத்தை நடத்த எனக்குத் தகுதி உண்டா என்று தயங்கிக் கேட்டவருக்கு, அதில் ஐயமே இல்லை என்று பதில் வந்தது. தந்தையின் பெயருக்காக அல்லாமல், தம் வேலையைப் பார்த்து ஒரு மனிதர் அளித்த முதல் சான்றிதழ் அது. 1946இல் அவர் நிறுவனத்துக்குத் திரும்பினார்.

இங்கே பரவலாக வழங்கும் ஒரு கதையைத் திருத்த வேண்டியிருக்கிறது. பழமைவாதத் தந்தை கணினியை எதிர்த்தார், தொலைநோக்குள்ள மகன் அதைக் கொண்டுவந்தார் என்பது அக்கதை. உண்மை இவ்வளவு எளிமையானதன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1944இல் இயங்கத் தொடங்கிய மாபெரும் கணக்கு இயந்திரத்தைச் செய்து கொடுத்தது மூத்த வாட்சனின் நிறுவனம்தான். 1948இல் நியூயார்க் தலைமையகத்தின் தரைத்தளத்தில், தெருவில் போவோர் கண்ணாடி வழியே பார்க்கும்படி, ஆயிரக்கணக்கான வெற்றிடக் குழாய்கள் கொண்ட கணக்கு இயந்திரம் ஒன்றை நிறுவியவரும் அவரே. மறுபுறம், 1946இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் கணினியை நேரில் பார்த்த இளைய வாட்சனுக்கு அது எந்தக் கிளர்ச்சியையும் தரவில்லை. பெரிய, சூடான, நம்பகமற்ற ஒரு பொருளாகவே அது அவர் கண்ணுக்குப் பட்டது.

இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு நுட்பமானது. மின்னணு இயந்திரம் அறிவியல் ஆய்வுக்கு உகந்தது, துளையட்டை வணிகத்துக்கு உகந்தது, இரண்டும் தனித்தனியே வாழும் என்று தந்தை நம்பினார். அட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், துளையைக் கண்ணால் சரிபார்க்கலாம். காந்த நாடாவில் பதிந்திருப்பதை யார் பார்க்க முடியும்? வணிகர்கள் கண்ணுக்குத் தெரியாததை நம்பமாட்டார்கள் என்பது அவர் கட்சி. இதை வெறும் பிடிவாதம் என்று நான் தள்ளமாட்டேன். 1980களின் தொடக்கத்தில் ஆய்வு மாணவனாக, புள்ளிவிவரங்கள் துளையிட்ட அட்டைப் பெட்டியைச் சுமந்துகொண்டு கணினி மையத்தின் வரிசையில் நின்றவன் நான். பெட்டி கையிலிருக்கும்வரை என் ஆய்வு என் கையிலிருக்கிறது என்ற தெம்பு இருந்தது.

ஆனால் வாடிக்கையாளர்கள் மகனிடம் வேறு சேதி சொல்லத் தொடங்கியிருந்தனர். மெட்ரோபாலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனத்தில் மூன்று தளங்கள் முழுதும் அட்டைகளே நிறைந்திருந்தன. இது இப்படியே போக முடியாது என்று அதன் அதிகாரி எச்சரித்தார். 1951இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போட்டி நிறுவனத்தின் யூனிவாக் கணினி வந்து சேர்ந்தது. துளையட்டை பிறந்த வீட்டிலேயே அதற்கு மாற்று வந்துவிட்டது. அப்போது கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. பாதுகாப்பு ஆய்வகங்களுக்கான கணினி என்ற பெயரில் ஐ.பி.எம். 701 என்னும் இயந்திரத்தை உருவாக்கும் திட்டத்துக்கு இளைய வாட்சன் தலையைக் கொடுத்தார். மாத வாடகை முதல் மதிப்பீட்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கு ஆகும் என்று தெரிந்த பிறகும் பின்வாங்கவில்லை. செய்தவை பத்தொன்பது இயந்திரங்கள்தாம். ஆனால், அவற்றைச் செய்த அனுபவத்தில் பிறந்த 650 என்னும் நடுத்தரக் கணினி ஏறக்குறைய 2,000 தயாரிக்கப்பட்டது. அட்டையில் பழகிய வணிகர்களைக் கணினிக்கு இட்டுவந்த இயந்திரம் அதுதான்.

1952இல் மகன் நிறுவனத்தின் பிரெசிடென்ட் ஆனார். தந்தை சேர்மனாக மேலிருந்தார். அந்த நான்காண்டுகளும் வீட்டிலும் அலுவலகத்திலும் இடைவிடாத போர். அதே ஆண்டு அமெரிக்க நீதித்துறை, துளையட்டைத் தொழிலில் ஐ.பி.எம். ஏகபோகம் செலுத்துவதாக வழக்குத் தொடுத்தது. அச்சந்தையில் அதன் பங்கு மிகப் பெரியது என்பதை யாராலும் மறுக்க முடியாது. சமரச உடன்பாட்டில் கையெழுத்திட்டுவிட வேண்டும் என்றார் மகன். 1913இல் குற்றவாளிக் கூண்டில் நின்ற தந்தைக்கோ, அது மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகப்பட்டது. நேர்மையாகப் போட்டியிட்டு வென்றதற்குத் தண்டனையா என்று கொதித்தார். மகனோ எதிர்காலம் அட்டையில் இல்லை என்று அறிந்திருந்தார். போய்க்கொண்டிருக்கும் ஒன்றைக் காக்க ஏன் பத்தாண்டு வழக்காட வேண்டும் என்பது அவர் கணக்கு.

இது தொடர்பாக நீதிபதியைச் சந்திக்கப் புறப்பட்ட நாளொன்றில், அலுவலகத்தில் தந்தை கடுஞ்சினத்துடன் அவரைத் தடுத்தார். வாக்குவாதத்தை முறித்துக்கொண்டு மகன் கிளம்பிவிட்டார். பேச்சுவார்த்தையின் நடுவே உதவியாளர் ஒருவர் ஒரு துண்டுச்சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மகன்மீது தமக்கு முழு நம்பிக்கை உண்டு என்பதை ஒரு சில சொற்களில் அன்போடு எழுதியிருந்தார் தந்தை. 1956 ஜனவரியில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. இயந்திரங்களை வாடகைக்கு மட்டுமன்றி விலைக்கும் தர நிறுவனம் இணங்கியது. தலைமைப் பொறுப்பு கைமாறியது மே மாதத்தில்தான் என்றாலும், உண்மையான கைமாற்றம் அந்தத் துண்டுச்சீட்டில் நடந்துவிட்டது என்பேன்.

தந்தை இறந்து ஐந்தாறு மாதங்களுக்குள், 1956 இறுதியில், வில்லியம்ஸ்பர்க் நகரில் மூத்த அதிகாரிகள் நூறு பேர் அளவில் கூட்டிய மூன்று நாள் மாநாட்டில் இளைய வாட்சன் நிறுவனத்தின் அமைப்பையே மாற்றினார். ஒருவர் மேசைக்கு வந்த முடிவுகள் பல பிரிவுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவுக்கும் பொறுப்பாளர். அவர்களைக் கேள்வி கேட்க நிபுணர் குழு. இருதரப்பும் உடன்படாவிட்டால் மட்டும் மேலிடத்துக்கு வரலாம். கருத்து வேறுபாட்டையே நிர்வாக முறையாக்கிய ஏற்பாடு இது. தந்தையிடம் மாறுபட்டுப் பேசத் தாம் பட்ட பாட்டை அவர் ஒரு விதியாக மாற்றிவிட்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இனிமையானவர்களைத் தவிர்த்து, முகத்துக்கு நேரே குறை சொல்லும் கரடுமுரடானவர்களை அருகில் வைத்துக்கொண்டார். அவர்களில் முதன்மையானவர் வின்சென்ட் லியர்சன்; ஆறரை அடி உயரமுள்ள, எவரையும் நடுங்கவைக்கும் விற்பனை மேதை.

எதையெல்லாம் கைவிட்டார் என்று பார்த்தால் பெரும்பாலும் அடையாளங்கள். துதிப்பாடல்கள் ஓய்ந்தன. கஞ்சிக் கழுத்துப்பட்டை போயிற்று. எலியட் நாய்ஸ் என்னும் கட்டடக் கலைஞரை அழைத்து, அலுவலகங்கள் முதல் இயந்திரங்களின் மேலுறைவரை எல்லாவற்றுக்கும் நவீனத் தோற்றம் தரச் செய்தார். பால் ராண்ட் வரைந்த எழுத்துச் சின்னம் வந்தது. எதை வைத்துக்கொண்டார் என்பது அதைவிட முக்கியம். பணிப் பாதுகாப்பு, எந்தத் தொழிலாளியும் தலைவரிடம் நேரடியாக முறையிடலாம் என்ற திறந்த கதவு, வாடிக்கையாளர் சேவைமீதான வெறி. இவற்றில் அவர் கைவைக்கவில்லை, மேலும் நீட்டினார். 1958இல் மணிக்கூலி முறையை ஒழித்து, ஆலைத் தொழிலாளர்கள் அனைவரையும் மாதச் சம்பளக்காரர்களுக்கு இணையாக ஆக்கினார். 1953இலேயே, தென்மாநிலங்களில் புதிய ஆலைகள் தொடங்கவிருந்த வேளையில், இனமோ நிறமோ மதமோ பாராமல் பணியமர்த்துவதே நிறுவனத்தின் கொள்கை என்று மேலாளர்களுக்கு எழுத்துப்பூர்வமாக ஆணையிட்டிருந்தார். இன ஒதுக்கல் சட்டமாகவே இருந்த பகுதிகள் அவை. பள்ளிகளில் அதைத் தடைசெய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு அடுத்த ஆண்டில்தான் வந்தது.

தொழில்நுட்பத்தில் அவர் காட்டிய அவசரம் பொறியாளர்களையே திணறடித்தது. வெற்றிடக் குழாய்களை நன்கு அறிந்த அவர்கள் டிரான்சிஸ்டரை நம்பத் தயங்கினர். 1958 ஜூன் மாதத்துக்குப் பின் எந்தப் புதிய இயந்திரத்திலும் வெற்றிடக் குழாய் கூடாது என்று அவர் ஆணையிட்டார். தயங்கிய ஒவ்வொரு பொறியாளர் கையிலும் ஒரு சிறு டிரான்சிஸ்டர் வானொலிப்பெட்டியை வாங்கிக் கொடுத்து வாயடைத்தார். 1959இல் வெளிவந்த 1401 என்னும் டிரான்சிஸ்டர் கணினி பத்தாயிரத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது.

இந்த வெற்றியின் உச்சியில்தான் அவர் தம் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எடுத்தார். அதன் பொருளாதாரத்தைச் சற்று விளக்க வேண்டும். ஏற்கெனவே சந்தையில் கொழிக்கும் நிறுவனம், புதியது ஒன்றைக் கொண்டுவந்தால் தன் பழைய லாபத்தையே தான் தின்ன வேண்டிவரும். ஆகவே, புதுமை செய்ய அதற்கு ஊக்கம் குறைவு. ஒன்றும் இல்லாத போட்டியாளருக்கே ஊக்கம் அதிகம். கென்னத் ஆரோ 1962இல் இதைத் தெளிவாக நிறுவினார். வாடகை முறையில் இத்தயக்கம் இருமடங்காகும். புதிய இயந்திரம் வந்ததும் வாடிக்கையாளர் பழையதைத் திருப்பியனுப்பிவிடுவார். இழப்பு முழுதும் தயாரிப்பாளர் தலையில்.

1961 வாக்கில் ஐ.பி.எம். ஒன்றுக்கொன்று பொருந்தாத ஏழெட்டு வகைக் கணினிகளை விற்றுக்கொண்டிருந்தது. சிறிய கணினியிலிருந்து பெரியதற்கு மாறும் வாடிக்கையாளர், தம் நிரல்கள் அனைத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அவ்வாண்டு இறுதியில் ஒரு குழு அளித்த பரிந்துரை எளியது, பயங்கரமானது. இருக்கும் எல்லா வகைகளையும் கைவிட்டு, சிறியது முதல் பெரியதுவரை ஒரே மொழி பேசும் ஒரு குடும்பத்தை உருவாக்க வேண்டும். திசை வட்டத்தின் முழுப் பாகையையும் குறிக்கும்படி சிஸ்டம் 360 என்று பெயரிடப்பட்ட அத்திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 500 கோடி டாலர். 1964இல் நிறுவனத்தின் ஓராண்டு மொத்த வருவாயே 300 கோடி டாலரைச் சற்றுத் தாண்டியதுதான். அணுகுண்டை உருவாக்கிய மன்ஹாட்டன் திட்டத்துக்கு ஆனதைவிடப் பெருந்தொகை இது.

1964 ஏப்ரல் 7 அன்று அறிவிப்பு வெளியானது. ஆணைகள் குவிந்தன. துன்பம் அதன் பிறகுதான் தொடங்கியது. மின்சுற்றுப் பாகங்களைத் தாமே செய்யத் துணிந்த ஆலைகளில் உற்பத்தி தடுமாறியது. இயக்கு மென்பொருள் எழுதும் பணியில் ஆட்களைச் சேர்க்கச் சேர்க்கத் தாமதம் கூடியது. அதை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் பின்னர் அந்த அனுபவத்தையே ஒரு புகழ்பெற்ற நூலாக்கினார். இயந்திரம் செய்ய முதலிலேயே பணம் வேண்டும், வாடகையோ மாதமாதம் சொட்டும். 1965இல் கையிருப்பு வற்றும் நிலை வந்து, பங்கு விற்றுச் சுமார் 37 கோடி டாலர் திரட்ட நேர்ந்தது.

இந்த நெருக்கடியில் பலியானவர் அவருடைய தம்பி. மூத்த வாட்சன் 1949இல் வெளிநாட்டு வணிகத்தைத் தனி நிறுவனமாக்கி இளைய மகன் ஆர்தரிடம் கொடுத்திருந்தார். வீட்டில் டிக் என்று அழைக்கப்பட்ட அவர் பல மொழிகள் அறிந்தவர், பண்பாளர். அந்த வணிகத்தைச் சிறப்பாகவே வளர்த்தார். தமக்குப் பின் தம்பி தலைமையேற்க வேண்டும் என்று விரும்பிய டாம், அதற்குப் பயிற்சியாகப் பொறியியலையும் உற்பத்தியையும் அவரிடம் ஒப்படைத்தார். விற்பனையை லியர்சனிடம் கொடுத்தார். விற்பவர் ஒருபுறம் உறுதிமொழிகளை அள்ளிவீச, செய்பவர் மறுபுறம் மூச்சுத் திணறினார். கருத்து வேறுபாட்டை நிர்வாக முறையாக்கிய அண்ணனின் ஏற்பாடு, மென்மையான தம்பியை நசுக்கிவிட்டது. உற்பத்தி முடங்கியபோது, நிறுவனமா தம்பியா என்ற கேள்வி எழுந்தது. டாம் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார். மீட்புப் பணி லியர்சனிடம் சென்றது. அடுத்த தலைவர் டிக் அல்லர் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டிக் பின்னர் பிரான்சுக்கான அமெரிக்கத் தூதராகப் பணியாற்றினார், 1974இல் இறந்தார். தம்பிக்குத் தாம் செய்தது குறித்த வருத்தத்தை அண்ணன் தம் நூலில் மறைக்கவில்லை. தந்தை நெஞ்சில் ஒரு துண்டுச்சீட்டுக்கு இடமிருந்தது. மகனிடம் தம்பிக்கு அப்படியொன்று போகவில்லை.

சிஸ்டம் 360 வென்றது. 1960களின் பிற்பகுதியில் உலகின் கணினித் தொழில் என்பதே ஏறக்குறைய ஐ.பி.எம். என்றாயிற்று. அடுத்த தலைமுறையான 370 வகை இயந்திரம் ஒன்று 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கும் வந்தது. வென்றதன் விலையும் உடனே வந்தது. 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை மீண்டும் ஏகபோக வழக்குத் தொடுத்தது. தந்தை காலத்து வழக்கைப் போலன்றி இது பதின்மூன்று ஆண்டுகள் இழுத்து, 1982இல் கைவிடப்பட்டது. அவ்வழக்கின் நிழலில் 1969 ஜூனில் நிறுவனம் எடுத்த ஒரு முடிவைத் தமிழ்நாட்டு வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதுவரை கணினியோடு இலவசமாகச் சேர்த்துக் கொடுத்த மென்பொருளுக்கும் சேவைக்கும் தனி விலை வைத்தது ஐ.பி.எம். மென்பொருள் என்பது தனியே விற்கத்தக்க சரக்கு என்ற நிலை அதன் பிறகே உறுதிப்பட்டது. சென்னையிலும் பெங்களூருவிலும் இன்று லட்சக்கணக்கானோர் பிழைப்பது அந்தச் சரக்கை வைத்துத்தான். இந்தியாவை விட்டு அந்நிறுவனம் 1978இல் வெளியேறியது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விளைவு. அது வாட்சனுக்குப் பிந்தைய கதை.

1970 நவம்பரில் அவருக்கு மாரடைப்பு வந்தது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே விலக முடிவெடுத்தார். தந்தையைப் போல 82 வயதுவரை நாற்காலியில் இருக்கவில்லை. 57 வயதில், 1971இல், இறங்கிவிட்டார். அடுத்து வந்த லியர்சன் அறுபது வயது ஓய்வு விதிக்குப் பணிந்து ஒன்றரை ஆண்டில் விலகினார். வாட்சன் குடும்பத்திலிருந்து மூன்றாவது தலைவர் வரவில்லை. பாய்மரக் கப்பலில் ஆர்க்டிக் பகுதிவரை பயணம் செய்தார் இளைய வாட்சன். 1979 முதல் 1981வரை மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்தார். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததால் தூதர் வேலைக்கு அங்கே அதிகம் எதுவும் எஞ்சவில்லை. 1987இல், போர்க்காலத்தில் தாம் பறந்த சைபீரிய வழியில் சோவியத் அனுமதியுடன் மீண்டும் விமானம் ஓட்டினார்.

1993 டிசம்பர் 31 அன்று, 79 வயதில், கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச் நகரில் காலமானார். அவ்வாண்டு ஐ.பி.எம். சுமார் 800 கோடி டாலர் இழப்பைக் கண்டது. ஏப்ரல் மாதத்தில், 1914க்குப் பின் முதன்முறையாக, நிறுவனத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் தலைமைப் பொறுப்புக்கு அழைத்துவரப்பட்டிருந்தார். லூ கெர்ஸ்ட்னர் என்னும் அவர் முதலில் எடுத்த முடிவுகளில் ஒன்று, சிஸ்டம் 360இன் வழித்தோன்றல்களான பெருங்கணினிகளின் விலையைக் குறைப்பது. அந்த லாபத்தைத் தொட அவருக்கு முன்னிருந்தவர்களுக்கு மனம் வரவில்லை.